இருபத்து மூன்றாவது பெயர்

ஊசிமலைத் தோட்டம் நோட்டன் பிரிட்ஜிலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் இருந்தது. அங்கே செபமாலைக் கங்காணியின் குரல் தெரியாதவர்கள் இல்லை. விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் ஆட்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஸ்டோர் முற்றத்தில் வந்து கூடுவார்கள். மற்றக் கங்காணிமார் பெயர் கூப்பிடுவதற்குத் துண்டுக் காகிதம் வைத்திருப்பார்கள். செபமாலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமலே, தன் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் இருபத்திரண்டு பெண்களையும் வரிசையாகக் கூப்பிடுவார். அந்தோனியம்மா, காத்தாயி, பூரணி, மூக்காயி, வீராயி என்று அது தொடங்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு “ஆமாங்க” வரும். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று புத்தகத்தில் கோடு போட்டுக்கொள்வார்.

1943இல் கங்காணியாகப் பொறுப்பேற்ற வாரம் அமைந்த வரிசை அது. மலையில் யார் எந்த நிரையைப் பிடிக்கிறார்களோ அதே ஒழுங்கு. பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்யும்போதுகூட அவர் உதடுகள் அந்த ஒழுங்கில் அசைவதை அவர் மனைவி றோசலின் பார்த்திருக்கிறாள்.

வரிசையில் ஒன்பதாவது பெயர் அவளுடையது. பெரட்டில் மனைவிக்கென்று சலுகை எதுவும் கிடையாது. ஒருநாள் ஈர விறகு பற்றாமல் பிந்தி வந்தவளை அவர் அரைநாள் சம்பளமான அரைப் பேருக்குத் தள்ளிவிட்டார். அன்று மாலை அவள் அவருக்குத் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் ஊற்றினாள். கேட்டதற்கு, அரைப் பேர் போட்ட வீட்டில் அரைக் கோப்பைதான் வரும் என்றாள். அவர் அதைக் குடித்துவிட்டுச் சிரித்தார். மறுநாளும் பிந்தினால் மறுநாளும் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். தகப்பன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் மனுப்போட்டுத்தான் பிரஜாவுரிமை பெற வேண்டும் என்று 1951இல் எல்லோரும் பேசிக்கொண்டபோது, நோட்டன் பிரிட்ஜில் கடை வைத்திருந்த சரிபுதீன் நானாதான் செபமாலைக்கு மனு எழுதிக் கொடுத்தார். தன் பெயர், மனைவி பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், தோட்டத்தில் இருந்த காலம், எல்லாம் அதில் இருந்தன. மனு கொழும்புக்குப் போனது. ஐந்து வருஷம் ஒரு சத்தமும் இல்லை.

1956 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரட்டில், பதினான்காவது பெயரில் அவர் நின்றார். “பாப்பாத்தி” என்றார். பாப்பாத்தி “ஆமாங்க” என்றாள். மறுபடியும் “பாப்பாத்தி” என்றார். அவள் மறுபடியும் “ஆமாங்க” என்றாள். மூன்றாம் முறை அந்தப் பெயர் பாதியில் குழைந்தது. கங்காணி விளையாடுகிறார் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். பின்னால் கட்டியிருந்த கைகளில் இடது கை மட்டும் முன்னால் வந்து காற்றைப் பிடித்தது. வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தார்.

பாரிசவாயு என்றார்கள். ஒருத்தி இஞ்சியை நசுக்கிக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து வாயில் காப்பி ஊற்றப் பார்த்தாள். தோட்டத்து மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஞானரட்ணத்தை எல்லோரும் டாக்டரையா என்றுதான் அழைப்பார்கள். அவர் மேட்டிலிருந்து ஓடிவந்து அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டார். வாயில் எது ஊற்றினாலும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று சொல்லி, செபமாலையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஆறு மாதத்துக்கு முன்பே அவர் செபமாலையின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்று செபமாலை சொல்லிவிட்டார். அதைப் பற்றி இப்போது ஞானரட்ணம் ஒன்றும் பேசவில்லை. தேயிலை லொறியில் இரண்டு கம்பளிகளை விரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். றோசலின் கூடையை இறக்காமலே லொறியில் ஏறிவிட்டாள். வழியில்தான் அது முதுகில் இருப்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக்குள் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிந்திருக்க வேண்டிய நீரில் இரத்தம் கலந்திருந்தது. தலைக்குள் இடப்பக்கத்தில் ஒரு சிறிய இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று அதை வைத்துச் சொன்னார்கள். முதல் நாள் செபமாலை கண் திறந்து பார்த்தார். றோசலின் விரலை இடது கையால் பிடித்தார். இரத்தக் கசிவு அனேகமாக நின்றிருக்கும் என்று தாதி சிங்களத்தில் சொன்னதை அவள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவர் பிடி தளர்ந்தது. நான்காம் நாள் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. வாந்தி எடுத்தார்.

கசிவு நின்ற பிறகு எதற்காக ஆள் மோசமாக வேண்டும்? இதை அவள் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தாள். மருந்துப் பெட்டி வாங்குவதற்காக ஐந்தாம் நாள் ஞானரட்ணம் அங்கே வந்தார். பெரிய டாக்டரோடு ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசிவிட்டு, வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்தார்.

“கூடையில கொழுந்த அமுக்கி அமுக்கி வச்சா என்னாகும்?” என்று கேட்டார்.

“வேர்த்துச் செவந்து போகுங்க.”

“அமுங்குனது மட்டுமா?”

“இல்லிங்க. சூடேறிப் பக்கத்துல இருக்கறதும் செவக்கும். சாக்குல தட்டி ஆத்தலேன்னா பாதிக் கூடை போயிரும்.”

தலைக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது என்றார் ஞானரட்ணம். மூளையில் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிமிஷந்தோறும் இரத்தம் வந்து உணவும் காற்றும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். குழாய் வெடித்த இடத்தில் இரத்தம் பாய்ந்து அங்கிருந்தவற்றை நசுக்கிவிட்டது. அவை பெரட்டு முற்றத்திலேயே, அவர் விழுந்த சில நிமிஷங்களுக்குள் செத்துப்போயின. அது முதற் சாவு. இப்போது நடப்பது இரண்டாவது. வெளியே கொட்டிய இரத்தம் கட்டியாக உறைந்து, பிறகு சிதையத் தொடங்கும். அதைச் சுற்றியிருக்கும் அணுக்கள் அதனால் கெட்டு, நீர் கோத்து வீங்கும். உடம்பில் வேறெங்கும் வீக்கம் வந்தால் தோல் விட்டுக்கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. வீங்கியது பக்கத்திலுள்ளதை அமுக்கும். அமுங்கிய இடத்தில் சின்னக் குழாய்கள் அடைபடும். அதற்கப்பால் இருப்பவை பட்டினி கிடக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு கிழமை வரைக்கும் இதுதான் உச்சம்.

“ரத்தம் குழாய்க்குள்ள ஓடுற வரைக்கும் அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. வெளியில கொட்டிருச்சுன்னா அதே ரத்தம் கெடுதி. கசிவு நின்ன பொறகும் ஏன் நாள்கணக்கா சாகுதுன்னு பெரிய டாக்டருக்கே முழுசாத் தெரியலயாம்.”

சிவந்த கொழுந்து பச்சையாகாது அல்லவா என்று றோசலின் கேட்டாள்.

ஆகாது என்றார். வெட்டுப்பட்ட தோல் வளரும், முறிந்த எலும்பு கூடும், மூளை அணு செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. ஆனால் மூன்றாவது வகை ஒன்று உண்டு. சாகாமல், அதிர்ச்சியில் வேலை நிறுத்திக் கிடப்பவை. வீக்கம் வடிந்தால் அவை எழுந்துகொள்ளும். எது செத்தது, எது சும்மா கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. மாதக்கணக்கில் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் அவருடைய முகத்தைப் பார்க்கும் விதம் மாறியது. அழுவதற்குப் பதிலாகக் கவனித்தாள். ஒன்பதாம் நாள் கண் திறந்தார். பதினைந்தாம் நாள் கஞ்சி விழுங்கினார். ஐந்தாம் வாரம் வலது காலை இழுத்துக்கொண்டு நாலடி நடந்தார். வலது கை அசையவும் இல்லை, மடங்கவும் இல்லை. வாயில் ஒரேயொரு சொல் இருந்தது.

“அந்தா.”

தண்ணீருக்கும் அந்தா. வலிக்கும் அந்தா. வாசலில் நாய் வந்தாலும் அந்தா. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. தான் சொல்வது பிழை என்பதும் விளங்கியது. சொல்ல வந்தது வராதபோது இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். றோசலின் ஒவ்வொன்றாகக் காட்டி, இதுவா அதுவா என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்களுக்குரிய காம்பிரா அறை பறிபோகவில்லை, அவள் வேலைக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்ததால். இன்னொரு கங்காணி அவருடைய கூட்டத்தைக் காகிதம் பார்த்துக் கூப்பிட்டான்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை, அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தபோது பெரட்டுத் தப்பு கேட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்தோனியம்மா. காத்தாயி. பூரணி. மூக்காயி. வீராயி.”

பழைய குரல். பழைய இடைவெளி. ஒரு பெயரும் பிசகவில்லை. றோசலின் திரும்பிப் பார்த்தாள். செபமாலை பாயில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்காவது பெயர் வந்ததும் அடுத்த காம்பிராவிலிருந்து பாப்பாத்தி தன்னை மறந்து “ஆமாங்க” என்று கத்தினாள். இருபத்திரண்டாவது பெயரான கறுப்பாயியோடு அவர் நிறுத்தினார். அதற்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கங்காணிக்குப் பேச்சு வந்துவிட்டது என்ற செய்தி அன்று மாலைக்குள் நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டது.

மறுமாதம் விசாரணைக் கடிதம் வந்தது. யூலை பன்னிரண்டாம் திகதி நுவரெலியாவில் மனுதாரர் நேரில் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும். சரிபுதீன் நானா அதைக் கடை வாசலில் வைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ஞானரட்ணம் தவணை கேட்கச் சொன்னார். நோயாளியின் நிலையை விவரித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆட்பெயர் சொல்வது பேச்சல்ல, அதை நம்பிப் போகாதே என்றும் சொன்னார்.

றோசலினுக்குத் தவணை கேட்கப் பயம். தவணை கேட்டவர்களின் கோப்பு அடியில் போய்விடும் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைவிடப் பெரிய பயம், மனுதாரருக்கு நிரந்தர வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பாரிசவாயு வந்து படுத்தவர் என்று நாமே கடிதம் கொடுத்தால், தள்ளுவதற்கு வேறு காரணம் எதற்கு? மனு தள்ளுபடியானால் அவருக்கு மட்டுமல்ல, இரண்டு பிள்ளைகளுக்கும் எந்த நாடும் இல்லை. இந்த யோசனையோடு அவள் சரிபுதீனின் கடையில் நின்றபோது அவர் தன் பங்குக்குச் சொன்னார்:

“இருவத்திரண்டு பேரட பேரச் சொல்ற மனிசனுக்கு, தன்ட பேரச் சொல்ல ஏலாதா தங்கச்சி?”

அவளுக்கு வேண்டியிருந்த நியாயம் அதுதான். கடிதத்தை நான்காக மடித்துத் தகரப்பெட்டியில் சேலைக்கடியில் வைத்தாள். விசாரணைக்குப் போகும் நாள் வரைக்கும் ஒரு தடவைகூட அவரிடம் “உங்க பேரு என்னாங்க” என்று கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு மனைவி புருஷனிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. தோன்றவே இல்லை.

சரிபுதீனின் மரக்கறி லொறி நுவரெலியாச் சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து, முன் இருக்கையில் செபமாலையை நெருக்கி உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். அவருக்குக் கோட்டுப் போட்டு, வலது கையைக் கோட்டுப் பைக்குள் சொருகிவிட்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். சத்தியம் வாங்குவதற்கு முன்பாக முதற் கேள்வி வந்தது.

“உம்முடைய பெயர் என்ன?”

செபமாலை அவரைப் பார்த்தார். வாய் திறந்தது.

“அந்தா.”

“பெயர். உம்முடைய முழுப் பெயர்.”

செபமாலையின் நெற்றி வேர்த்தது. இடது கை தொடைக்குப் போனது. றோசலின் மனதுக்குள் அவரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெயர் என்ற சொல் எங்கேயோ போய் முட்டியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து தொடங்கினார்.

“அந்தோனியம்மா. காத்தாயி. பூரணி.”

பெண்டுகளின் பெயரைக் கேட்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். செபமாலை நிற்கவில்லை. தொடங்கினால் நிற்க அவரால் முடியாது. கறுப்பாயி வரைக்கும் போய்த்தான் நின்றார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு றோசலின் பக்கம் திரும்பினார். இவர் பெயர் என்ன என்று அவளிடம் கேட்கப்பட்டது.

அவள் தரையைப் பார்த்தாள். “கங்காணிங்க” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். இந்தப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை என்று சொல்லியிருப்பார். அதிகாரி தலையாட்டினார். ஆளுக்குச் சுகமில்லையா, வைத்தியக் கடிதம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் றோசலின். எங்கே என்றார். வீட்டில், பெட்டியில் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. மனுதாரர் பெயரில் வேறொருவரைக் கூட்டிவந்த சம்பவங்கள் உண்டு என்றும், தன் முன்னால் நிற்பவர்தான் இந்த மனுவிலுள்ள செபமாலை என்று தனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றும் சொன்னார். நவம்பர் இருபதாம் திகதிக்குத் தவணை போட்டார். வைத்தியக் கடிதத்தோடு வரவேண்டும். குறைந்தபட்சம் பெயராவது அவர் வாயிலிருந்து வரவேண்டும். மற்றக் கேள்விகளை மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது லீக்ஸ் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதான் வந்தாள். பாதையில் லொறி வளைந்து வளைந்து இறங்கியது. அவள் அந்த இருபத்திரண்டு பெயர்களையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அதில் அவருடைய பெயர் இல்லை. பெரட்டு எடுக்கிறவன் தன்னைக் கூப்பிடுவதில்லை. பதின்மூன்று வருஷம் காலைதோறும் எல்லோர் பெயரையும் சொன்ன மனிதர் தன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கங்காணி. பிள்ளைகளுக்கு அப்பா. அவளுக்கு ‘என்னாங்க’, ‘இந்தாங்க’. அந்தப் பெயரை யாரும் புழங்கவில்லை. அவளும்தான்.

மறுநாள் ஞானரட்ணத்திடம் போய்க் கடிதம் கொடுக்காததை ஒப்புக்கொண்டாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லைத் தேடி எடுத்துப் பேசுகிற இடம் இடப்பக்கத்தில் இருக்கிறது, அதிலேதான் இரத்தம் கொட்டியது, அங்கே பெரும்பகுதி செத்துவிட்டது என்றார் அவர். ஆனால் தினமும் ஒரே மாதிரி சொல்லிச் சொல்லி ஊறிப்போனது, தேடி எடுக்கிற பேச்சு அல்ல. முதல் பெயர் இரண்டாவதை இழுக்கும், இரண்டாவது மூன்றாவதை இழுக்கும். அது வேறு பாதை. அந்தப் பாதை தப்பித்திருக்கிறது. அதனால்தான் அவர் தண்ணீர் கேட்க முடியாமல் இருபத்திரண்டு பெயர் சொல்கிறார்.

“அப்ப கடைசிப் பேருக்குப் பின்னால இன்னொண்ணக் கட்டிவிட்டா, அதையும் இழுத்துக்கிட்டு வருமாங்க?”

ஞானரட்ணம் துடைப்பதை நிறுத்தினார். “புதுசா ஒண்ணும் முளைக்காது றோசலின். உள்ள பாதைய நீட்டலாமான்னு வேணும்னா பாக்கலாம். நீதான் சொல்லிக் குடுக்கணும். அவரு வாய்க்குப் பழகுற வரைக்கும் நூறு தடவை, ஆயிரம் தடவை.”

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை, பெரட்டுத் தப்புக்கு அவர் பெயர்களைச் சொல்லி முடித்த கையோடு, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, “செபமாலை” என்றாள். கலியாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வாயின் இடது பக்கத்தால் சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். காலையில் ஐந்து தடவை, மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து பத்துத் தடவை. அவர் அந்தோனியம்மாவில் தொடங்கிக் கறுப்பாயியில் நிற்பார். கறுப்பாயிக்குப் பிறகு அவர் விடும் அதே இடைவெளியை அவளும் விட்டு, அதே குரலில் பெயரைச் சொல்வாள். மெல்லிய சுவர் வழியாக லயம் முழுவதும் கேட்டது. குழாயடியில் பாப்பாத்தி விடவில்லை.

“என்னாடி, புருசன் பேர ஏலம் போட்டுக்கிட்டிருக்க?”

“வாங்க ஒருத்தியும் வரலயே” என்றாள் றோசலின், குடத்தைத் தூக்கிக்கொண்டு.

ஓகஸ்ட் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பெயரைச் சொன்னால் அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். செப்டெம்பர் நடுவில் கறுப்பாயிக்குப் பிறகு அவர் உதடு குவிந்து “செ” என்றது. அதோடு நின்றது. பிறகு நாலைந்து நாள் அதுவும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, அவளுக்குக் காய்ச்சல், ஒரு கிழமை சொல்லிக்கொடுக்கவும் முடியவில்லை. எழுந்து மறுபடி தொடங்கியபோது “செபமா” வரைக்கும் வந்தார். ஒக்டோபர் பத்தாம் திகதி, மாலையில், முழுப் பெயரும் வந்தது. அவள் பேசாமல் இருந்து மறுபடி சொல்லவைத்தாள். மறுபடியும் வந்தது. மாதக் கடைசியில் அவள் சொல்லாமலே இருபத்து மூன்றாவதாக அது வந்து விழத் தொடங்கியது.

அப்போது ஒருநாள் சோதித்துப் பார்த்தாள். “உங்க பேரு என்னாங்க?”

“அந்தா” என்றார்.

“பேரு சொல்லுங்க.”

“அந்தோனியம்மா” என்று தொடங்கினார்.

அவள் காத்திருந்தாள். வேறு வழியில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பர் இருபதாம் திகதி அதே அறை, அதே இருவர். றோசலின் உள்ளே போனதும் முதல் வேலையாகக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வலது கையை இம்முறை கோட்டுக்குள் ஒளிக்கவில்லை. அதிகாரி கடிதத்தை முழுவதும் வாசித்தார். ஓரிடத்தில் திரும்ப வாசித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“உம்முடைய பெயர் என்ன?”

செபமாலை கதிரையின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். இடது கையால் செத்துப்போன வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“அந்தோனியம்மா. காத்தாயி. பூரணி. மூக்காயி. வீராயி.”

மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடக் கையை உயர்த்தினார். அதிகாரி அவரைத் தடுத்தார். கடிதத்தின் மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாவதாகத் தன் பெயர் வந்தபோது, “ஆமாங்க” வெளியே வந்துவிடாமல் றோசலின் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். பதினான்கு போனது. பதினெட்டு போனது. வெளியே யாரோ தட்டெழுத்து அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“கறுப்பாயி” என்றார் செபமாலை. இடைவெளி வழக்கத்தைவிட நீண்டது. அவள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொன்னால் எல்லாம் வீண். அவருடைய உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது.

“செபமாலை.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அவரை உட்காரச் சொன்னார். பிறகு கேள்விகள் றோசலினுக்கு வந்தன. புருஷன் பெயர் என்ன என்பதுதான் அவளுக்கும் முதற் கேள்வி. “செபமாலைங்க” என்று நேராகப் பார்த்துச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் தலைநிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அதை அதிகாரியிடம் சொன்னார். எந்த வருஷம் கலியாணம், எந்தக் கோயிலில், இந்தியாவுக்கு எப்போதாவது போயிருக்கிறாரா, எத்தனை நாள், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று ஒரு மணி நேரம் போனது. வருமானம் யாருடையது என்று கேட்டபோது, தான் பேர் போடுவதையும் கங்காணிக்கு வேலை இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். இருவரும் ஒரு வீடு என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஒக்டோபரில் கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டிருந்தது. நால்வரும் இலங்கைப் பிரஜைகள். சரிபுதீன் நானா அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினார்.

செபமாலைக்குப் பிறகு சில சொற்கள் திரும்பின. சோறு, தண்ணி, வா, போ, குளிர், இப்படி ஒரு பதினைந்து இருக்கும். அவை செத்தவை எழுந்து வந்தவை அல்ல, மயங்கிக் கிடந்தவை எழுந்தவை என்றார் ஞானரட்ணம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. வலது கை கடைசிவரை அசையவில்லை. தன் பெயரை அவர் தனியாக ஒருநாளும் சொல்லவில்லை. விசாரணை முடிந்ததும் இனிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று றோசலின் நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. காலையில் தப்புச் சத்தம் கேட்டால் இருபத்து மூன்று பெயரும் வரும்.

1959இல் வாக்காளர் இடாப்பு எழுதுவதற்கு ஒரு எழுத்தர் லயத்துக்கு வந்தார். அந்த லயத்தில் பிரஜாவுரிமை கிடைத்து, எழுத வேண்டியிருந்தது இரண்டே வீடுகள். மற்றவர்கள் தங்கள் வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் அவசரக்காரர், மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்றிருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த செபமாலையிடம் நின்றபடியே பெயர் கேட்டார்.

“அந்தோனியம்மா” என்றார் செபமாலை.

எழுத்தர் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டு எழுதப் போனார். உள்ளே உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த றோசலின் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“அத எழுதாதீங்க ஐயா. கொஞ்சம் நில்லுங்க, அவரு வந்துக்கிட்டிருக்காரு.”